கேலரியில் காத்திருக்கும் தம்பி

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. நீச்சல் வீராங்கனை. போன மாதம் 100 மீட்டர் பட்டர்பிளையில் 1:04.38 செய்தாள். அதற்கு முந்தைய டைமிங் 1:05.91. தேசிய ஜூனியர் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். காலை நாலரைக்கு எழுந்து பிராக்டிஸ், பள்ளி, மறுபடியும் மாலை பிராக்டிஸ் என்று ஓடுகிறாள். தம்பிக்கு 12 வயது. நல்ல பையன், ஒரு தொந்தரவும் கிடையாது. நீச்சல்குளத்தின் பார்வையாளர் கேலரியில் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்துகொள்வான். பள்ளியில் ஏதோ நாடகக் குழுவில் இருக்கிறான்.

போன வாரம் பள்ளிக்குப் போனபோதுதான் தெரிந்தது, நாடகம் நடந்து முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, மேடை விளக்குகள் முழுவதையும் அவன்தான் பார்த்துக்கொண்டான் என்று. “ஏண்டா சொல்லல?” என்றேன். “அன்னைக்கு அக்காவுக்கு மீட் இருந்துச்சு. சொல்லி என்ன ஆகப்போகுது?” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இதற்கு நடுவே வேறு ஊரில் ஒரு பெரிய அகாடமியில் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நானும் அவளும் அங்கே போய்த் தங்கலாம், என் கணவர் வீட்டிலிருந்தே வேலை செய்பவர், அவர் மகனைப் பார்த்துக்கொள்வார் என்று பேசிக்கொண்டிருந்தோம். அதைக் கேட்டுவிட்டு மகள், “எல்லாம் என்னாலதானே, நான் ஸ்விம்மிங்கை விட்டுடறேன்” என்று அழுகிறாள். உறவுக்காரர்கள், பையனையும் நீச்சலில் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். இரண்டு பேரும் எங்களுக்கு ஒன்றுதான். எங்கே தவறு செய்தோம்?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு பிள்ளை இந்த அளவுக்கு விளையாட்டில் இறங்கிவிட்டால் வீட்டில் எல்லோருடைய நேரமும் அதைச் சுற்றித்தான் ஓடும். உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை இது. ஒலிம்பிக் நீச்சல் வீரர்கள், டென்னிஸ் வீரர்கள், பியானோ கலைஞர்கள், கணித அறிஞர்கள் என்று 120 பேர் வளர்ந்த விதத்தை ஆராய்ந்து அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் குழுவினர் 1985-ல் வெளியிட்டார்கள். அதிலும் இதே கதைதான். பிள்ளை மேலே போகப் போக, குடும்பத்தின் பொழுதும் பணமும் அந்தப் பிள்ளையின் பின்னால் போகின்றன. 1999-ல் கனடாவில் ழான் கோத்தே என்ற ஆய்வாளர் நான்கு குடும்பங்களோடு உட்கார்ந்து விரிவாகப் பேசினார். மூன்றில் பிள்ளை துடுப்புப் படகு வீரர், ஒன்றில் டென்னிஸ் வீரர். சிறு வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா விளையாட்டையும் ஆடிப் பார்க்க வாய்ப்புத் தந்த அதே பெற்றோர், பதின்வயதில் ஒருவர் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். கூடப் பிறந்தவர்களிடம் பொறாமையும் மனக்கசப்பும் எட்டிப் பார்த்ததும் அப்போதுதான். நான்கே நான்கு குடும்பம்தானே என்று தள்ளிவிடலாம். ஆனால் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் இந்த வேலையில் இருக்கும் எங்களுக்கு அது ரொம்பப் பழகிய படம்.

அதனால் மகனின் மனதில் இருப்பது அதிசயமான விஷயம் இல்லை. அவன் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை என்கிறீர்களே, எனக்கு உறுத்துவது அதுதான். கோபப்படுகிற பிள்ளை, கேட்டால் கிடைக்கும் என்று இன்னும் நம்புகிறது. “சொல்லி என்ன ஆகப்போகுது” என்கிற பிள்ளை கணக்குப் பார்த்து முடித்துவிட்டது.

உங்கள் கடிதத்தையே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். மகளின் டைமிங்கை நொடியில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் பழையதையும் சேர்த்து. மகன் விளக்கு போட்ட நாடகம் என்ன நாடகம் என்று இல்லை. குத்திக்காட்டச் சொல்லவில்லை. அன்பு குறைந்ததால் இப்படி ஆகவில்லை. அவளைப் பற்றிய தகவல் தினமும் உங்கள் காதில் விழுகிறது. கோச் சொல்கிறார், ஸ்டாப்வாட்ச் சொல்கிறது, மீட் முடிந்ததும் ரிசல்ட்டை ஒட்டுகிறார்கள். அவனைப் பற்றிச் சொல்ல அவனை விட்டால் ஆள் இல்லை. அவனும் சொல்வதை நிறுத்திவிட்டான்.

என்னிடம் வருகிற விளையாட்டுக் குடும்பங்களிடம், போன மாதத்துக் காலண்டரைக் கொண்டு வரச் சொல்வேன். சுவரில் மாட்டியதோ, போனில் இருப்பதோ, எதுவானாலும் சரி. அதில் விளையாடாத பிள்ளைக்கென்று இருக்கும் நாள்களை வேறு நிறத்தில் வட்டமிடச் சொல்வேன். ஒரு வீட்டில் அந்தப் பிள்ளைக்கு இருந்தது ஒரே ஒரு வட்டம், பல் டாக்டரிடம் போன நாள். அந்த அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. நீங்களும் இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு, கணவரோடு உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள். யார் மேல் தப்பு என்று தேடுவதற்காகச் சொல்லவில்லை. இருப்பது என்ன என்று இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தெரிய வேண்டும்.

தெரிந்ததும் பெரும்பாலான பெற்றோர் செய்வது ஈடுகட்டுவது. விலை உயர்ந்த பரிசு, ஒருநாள் ஊர் சுற்றல், திடீர்க் கொஞ்சல். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது ஏன் வருகிறது என்று தெரியும். வாங்கிக்கொள்வான், “தேங்க்ஸ்” என்பான், அவ்வளவுதான். இன்னொரு பக்கம், மணிக்கணக்காகச் சமன் செய்யப் பார்ப்பவர்களும் உண்டு. அவளுக்கு இருபது மணி நேரம் என்றால் இவனுக்கும் இருபது. நடக்காத காரியம். அது தேவையும் இல்லை. அமண்டா கோவல், லாரி கிரேமர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம், அம்மா அப்பா உங்களையும் உங்கள் அண்ணன் அக்காவையும் வித்தியாசமாக நடத்துகிறார்களா என்று கேட்டு 1997-ல் எழுதினார்கள். வித்தியாசம் இருப்பதாகச் சொன்ன இடங்களில், ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை அந்தப் பிள்ளைகள் அநியாயம் என்று சொல்லவில்லை. வயது வேறு, தேவை வேறு என்று காரணம் தெரிந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். அநியாயம் இல்லை என்று நினைத்த பிள்ளைகளுக்குக் கூடப் பிறந்தவர்களோடு உறவும் நன்றாகவே இருந்தது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று பிள்ளை முடிவு கட்டுவது, வித்தியாசம் இருப்பதால் மட்டும் இல்லை. அதைப் பற்றி யாரும் வாயே திறக்காததால்.

ஆகவே வாயைத் திறங்கள். எதிரே உட்கார வைத்துப் பேசாதீர்கள், விசாரணை மாதிரி இருக்கும். பாத்திரம் துலக்கும்போதோ, நடந்து போகும்போதோ, கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டாத ஒரு நேரத்தில் தொடங்குங்கள். “உன் நாடகத்துக்கு நாங்க வரல. அது எங்களுக்குத் தெரியவே இல்லங்கறது அதைவிட மோசம். அக்காவோட நீச்சலுக்காக இந்த வீட்டுல நிறைய நேரம் போகுது, உன்னோட நேரமும் அதுல போயிருக்கு. உன்னைக் கேக்காமலே எடுத்துக்கிட்டோம்.” இவ்வளவு போதும். இதன் பின்னால் ஒரு “ஆனால்” வரக் கூடாது. “ஆனா அக்கா எவ்வளவு கஷ்டப்படறா பாரு” என்று ஒரு வாக்கியம் சேர்த்தீர்களோ, முன்னால் சொன்னது அத்தனையும் வீண். “பரவால்லம்மா” என்பான். அதை அப்படியே எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்ப் படுத்துவிடாதீர்கள். “பரவால்லன்னு நீ சொல்லணும்னு இல்ல” என்று மட்டும் சொல்லி விட்டுவிடுங்கள். அவன் பேசுவது அன்றைக்கே நடக்காது. பத்து நாள் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு விஷயத்துக்குக் கத்துவான். அது நல்ல அறிகுறி.

அப்புறம் இந்தக் கேலரி. நீச்சல் மீட்டுக்கு, அதாவது போட்டிக்கு, போனவர்களுக்குத் தெரியும். குளோரின் நெடி, புழுக்கம், விசில் சத்தம். காலையில் ஹீட்ஸ் என்ற தகுதிச் சுற்று, மாலையில் ஃபைனல். அக்கா தண்ணீரில் இருப்பது ஒரு நிமிடம் சொச்சம், தம்பி பெஞ்சில் இருப்பது நாள் முழுக்க. மடியில் கணக்கு நோட்டு. “உன் லேன் எது?” என்று அக்காவைக் கேட்பார்கள். அவனை யாராவது எதாவது கேட்டால், “நீ ஸ்விம் பண்றதில்லையா?” என்பார்கள். அக்காவுக்குக் கைதட்டுவது குடும்பப் பாசம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வருஷம் முழுக்க அதுவே ஒரு பிள்ளைக்கு வேலையாகிவிட்டால் அது பாசமாக மிஞ்சாது. மீட்டுக்கு வருவதா வேண்டாமா என்பதை இனிமேல் அவன் முடிவு செய்யட்டும். வரவில்லை என்றால் நண்பன் வீடோ, தாத்தா பாட்டியோ, உங்களில் ஒருவர் வீட்டில் இருப்பதோ, முகம் சுளிக்காத ஒரு ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும். சில பிள்ளைகள் இந்தச் சுதந்திரம் கிடைத்த பிறகுதான் தாங்களாகவே வந்து அக்காவுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். சிலர் வருவதே இல்லை. இரண்டும் சரிதான்.

வீடு திரும்பும் காரிலும் ஒரு விதி வையுங்கள். முதல் ஐம்பது மீட்டர் எவ்வளவு, திரும்புகையில் எங்கே நேரம் போனது என்ற அலசலை, வண்டியை எடுத்து முதல் பத்து நிமிடத்தோடு நிறுத்திவிடுங்கள். மகளுக்கே அது பெரிய ஆறுதலாக இருக்கும்.

வாரத்தில் ஒரு பொழுது மகனுக்கு. நாடக ஒத்திகைக்குக் கொண்டுவிட்டு முடியும்வரை இருந்து கூட்டி வருவதாக இருக்கலாம், வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதாகவும் இருக்கலாம். எதுவென்று அவன் சொல்லட்டும். அந்தப் பொழுது உண்மையா இல்லையா என்பது ஒரே ஒரு நாளில் தெரிந்துவிடும், அது அக்காவின் முக்கியமான போட்டியோடு மோதுகிற நாளில். அன்றைக்கு நீச்சல் விட்டுக்கொடுக்க வேண்டும். உங்களில் ஒருவர் அவளோடு, ஒருவர் அவனோடு. கேலரியில் ஒருவர் மட்டும் இருந்தால் அவள் டைமிங் கெட்டுவிடாது.

உறவுக்காரர்கள் சொல்லும் யோசனைக்கு நீளமாகப் பதில் வேண்டாம். உடனே எல்லோரும் செஸ் ஆடும் வைஷாலி, பிரக்ஞானந்தாவைச் சொல்வார்கள். 2023 டிசம்பரில் உலகிலேயே இருவரும் கிராண்ட்மாஸ்டர் ஆன முதல் அக்கா தம்பி அவர்கள். உண்மைதான். ஆனால் அக்காவைப் பார்த்து ஆசைப்பட்டுத் தானாக வருவது வேறு, பெற்றோரின் போக்குவரத்து மிச்சம் என்று தண்ணீரில் தள்ளுவது வேறு. அக்கா கொடி நாட்டிய இடத்தை விட்டு விலகி, தனக்கென்று ஓர் இடம் பிடிக்கிற பிள்ளைகள் நிறைய. உங்கள் மகன் அரங்கத்தின் இருட்டில் நின்று, மேடையில் யார் மேல் வெளிச்சம் விழ வேண்டும் என்று முடிவு செய்கிற வேலையைப் பிடித்திருக்கிறான். அது அவனாகத் தேடிக்கொண்டது. அதை விட்டுவிட்டு வா என்று கூப்பிடாதீர்கள்.

இப்போது மகளுக்கு வருகிறேன். அவள் அழுததை, பிள்ளைக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. தம்பி இழந்தது அத்தனையும் தன் பேரில் கடனாக எழுதப்பட்டிருக்கிறது என்று அவள் நினைக்கிறாள். இந்தக் கடனோடு ஒருத்தி குளத்தில் குதிக்கும் பிளாக்கில் ஏறி நின்றால் எப்படி நீந்துவாள்? டிராவிஸ் டார்ஷ் உள்ளிட்ட யூட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, குடும்பங்கள் தங்கள் வருமானத்தில் எத்தனை பங்கைப் பிள்ளையின் விளையாட்டில் போடுகின்றன என்று பார்த்தது. பங்கு கூடக் கூட, பெற்றோர் நெருக்குவதாகப் பிள்ளைகள் அதிகம் உணர்ந்தார்கள். அந்த உணர்வு கூடியவர்களுக்கு விளையாட்டில் மகிழ்ச்சியும் குறைவு, தொடரும் ஆசையும் குறைவு. பெற்றோர் வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை, செலவே பேசிவிடுகிறது.

அதனால் அவளிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: “தம்பி விஷயம் நாங்க பாத்துக்க வேண்டியது. நீ நீந்தறதால அது நடக்கல, நாங்க கவனிக்காம விட்டதால நடந்துச்சு. விடணும்னு உனக்கே தோணினா அது வேற பேச்சு, எப்ப வேணும்னாலும் பேசலாம். தம்பிக்காக விடறேன்னு சொல்லாத.” உனக்காகத் தம்பி எவ்வளவு விட்டுக்கொடுக்கிறான் தெரியுமா என்ற வாக்கியம் உங்கள் வீட்டில் புழக்கத்தில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் நன்றாக நீந்தியதில்லை. எந்தத் தம்பியும் மகிழ்ந்ததும் இல்லை.

அதே சமயம், அவளை வீட்டு வேலையிலிருந்து முழுக்க விலக்கி வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பெரும்பாலான விளையாட்டு வீடுகளில் அக்கா களைத்து வருவாள் என்று அவள் தட்டைத் தம்பிதான் எடுத்து வைக்கிறான். ஈர டவலைக் காயப் போடுவதும் அவன்தான். சின்ன விஷயம் என்று தோன்றும். தினமும் நடக்கிற சின்ன விஷயம். தேசியப் போட்டிக்குப் போகிறவளால் தன் தட்டைக் கழுவ முடியும். போட்டி வாரத்தில் வேண்டுமானால் சலுகை கொடுங்கள், சலுகை என்று பெயர் சொல்லியே கொடுங்கள்.

ஓய்வு பற்றியும் கோச்சிடம் கேளுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2016-ல் தந்த பரிந்துரை, ஒரே விளையாட்டில் தீவிரமாக இருக்கும் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, வருடத்தில் மொத்தம் மூன்று மாதமாவது அந்த விளையாட்டிலிருந்து விலகல், அதை மாதம் மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறது. உடம்புக்காகச் சொன்னதுதான். ஆனால் அந்த நாள்களில்தான் உங்கள் வீட்டில் அக்கா தம்பி என்று இரண்டு பேர் சும்மா சண்டை போட்டுக்கொண்டு இருக்க முடியும். அதை நீங்கள் திட்டம் போட்டு நடத்த வேண்டாம்.

கடைசியாக அகாடமி. கடிதத்தில் ஒரு முடிவு யாரும் முடிவு செய்யாமலே வந்து உட்கார்ந்திருக்கிறது: நீங்கள்தான் மகளோடு போக வேண்டும் என்பது. வீட்டிலிருந்தே வேலை செய்பவர் உங்கள் கணவர் என்றால், அவர் போனால் என்ன? அல்லது மாற்றி மாற்றி? அவர் மகனைப் “பார்த்துக்கொள்வார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மகனின் அப்பா. அவனுடைய நண்பர்கள் பெயர், ஒத்திகை நாள், அவனுக்குப் பிடிக்காத பாடம் எல்லாம் அவருக்கு இப்போது தெரியுமா, உங்களிடம் கேட்டுத்தான் தெரியுமா என்று பாருங்கள். இரண்டாவது என்றால், நீங்கள் கிளம்பிய மறுநாள் அந்தப் பையன் இன்னும் தனியாகிவிடுவான்.

என் கருத்தைக் கேட்டால், இந்த ஆண்டே வீட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டாம் என்பேன். அகாடமிகள் இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்ற மாதிரிதான் பேசும். ஆனால் ஆர்னே கியூலிஷ் என்ற ஜெர்மன் ஆய்வாளரும் உடன் உழைத்தவர்களும், பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 17, 18 வயதுக்குட்பட்ட பிரிவில் சர்வதேச அளவில் ஆடியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பெரியவர்கள் பிரிவில் அதே அளவை எட்டவில்லை. பெரியவர்களில் அந்த இடத்தைப் பிடித்தவர்களிலும் பத்தில் எட்டுப் பேர் அந்த வயதில் அங்கே இருந்ததில்லை. ஒலிம்பிக் நீச்சல் சாம்பியன் மைக்கேல் ஃபெல்ப்ஸ் வீட்டில் முதலில் ஒலிம்பிக் கனவாக இருந்தவர் அக்கா விட்னி. 1996 அமெரிக்கத் தேர்வுப் போட்டியில், உங்கள் மகள் மாதிரியே பட்டர்பிளை, 200 மீட்டரில் ஆறாவது வந்தார். முதுகு வலி அவரை மேலே போக விடவில்லை. மகளின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. இந்த வயதில் யாராலும் உறுதி தர முடியாத ஒன்றுக்காகத் தம்பியின் பன்னிரண்டு, பதிமூன்று வயதை மொத்தமாக எழுதிக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

போயே ஆக வேண்டும் என்று மகள் விரும்பினால், அவள்தான் விரும்புகிறாளா என்பதைக் கோச் இல்லாத இடத்தில் கேட்டுவிட்டு, ஒரு பருவம் மட்டும் என்று போங்கள். திரும்பிப் பார்க்கும் தேதியை முன்பே குறியுங்கள். அந்தத் தேதியில் நான்கு பேரும் உட்கார வேண்டும், மகனின் “வேண்டாம்” என்பதற்கும் எடை இருக்க வேண்டும். அவன் சொன்னதாலேயே முடிவு அப்படித்தான் ஆகும் என்று இல்லை, அந்தப் பாரத்தை அவன் தலையில் வைக்கவும் கூடாது. ஆனால் அவன் சொன்ன பிறகு ஏதாவது ஒன்றாவது மாற வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் அதே கணக்குதான் போடுவான்.

இதற்கிடையே தூக்கம் கெடுவது, மீட் நாள்களில் மட்டும் வயிற்றுவலி, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, நாடகக் குழுவையும் விடுவதாகச் சொல்வது போன்றவை சில வாரம் தொடர்ந்தால் அவனை ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். “நான் இல்லாட்டா என்ன” என்ற பேச்சு ஒருமுறை வந்தாலே போதும், அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். மகளின் அகாடமியில் இருக்கும் விளையாட்டு உளவியலாளரிடமே இவனையும் காட்டிவிடலாம் என்று வசதிக்காகத் தோன்றும். அவரிடம் போகாதீர்கள். அக்காவை அறியாத ஒருவராக, அவனுக்கென்று தனியாகப் பாருங்கள்.